நாலாவது ஆள் எங்கை?

பிரான்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தில் எப்போதும் தட்டுப்பாடு. கூடப் படித்த பிரெஞ்சுப் பிள்ளைகள் தாய் தகப்பனின் காரில் பின் சீற்றில் இருந்து கேட்டு வளர்ந்த பாட்டுகள் எங்களுக்குத் தெரியாது. எங்கட காரில் இளையராஜா, இல்லாவிட்டால் சீர்காழி, வெள்ளிக்கிழமை என்றால் கந்தசஷ்டி கவசம். கொலேஜ் இசை வகுப்பில் ரீச்சர் “இது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுத்தானே” என்று தொடங்கும்போதெல்லாம் வகுப்பில் இருந்த இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒரு தடவை மட்டும் கதை வேறு மாதிரிப் போனது. எனக்குப் பன்னிரண்டு வயது. பிளாஸ்டிக் புல்லாங்குழலில் ‘அன் ஓத்ர் மோந்த்’ பழகிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ‘வேறோர் உலகம்’ என்று பொருள். ‘ரெலிபோன்’ என்ற பிரெஞ்சு ரொக் இசைக்குழுவின் பாட்டு. நான் அறைக்குள் இருந்து ஊதுகிறேன், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடக்குகிறது. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அப்பா மிச்சத்தை வாய்க்குள்ளேயே பாடி முடித்தார். சொல் ஒன்றும் இல்லை, மெட்டு மட்டும்தான். ஆனால் ஒரு பிசகு இல்லை.

“அப்பா, இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“இதோ? இது எங்கட குசினிப் பாட்டடா.”

அப்பா பாரிசுக்கு வந்தது 1984 ஒக்ரோபரில். 83 ஜூலைக்குப் பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்ட எத்தனையோ இளம் பெடியங்களில் அவரும் ஒருவர். வயது 24. வந்து மூன்றாம் கிழமையே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்துவிட்டது. அந்த நாட்களில் பிரெஞ்சில் அவருக்கு விளங்கிய ஒரே சொல் ‘குசின்’. பிரெஞ்சுக்காரன் எங்கட ‘குசினி’யைத்தான் அரைகுறையாகச் சொல்கிறான் என்பது அவர் கட்சி. அந்தச் சொல்லே யாழ்ப்பாணத்துக்குப் போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்று நான் சொன்னால், இன்றைக்கும் காதில் விழாதமாதிரி இருந்துவிடுவார்.

1981இல் மித்தரான் ஆட்சிக்கு வந்தபிறகுதான் பிரான்சில் தனியார் எஃப்.எம். வானொலிகளுக்கு வழி திறந்தது. 84இல் பாரிஸ் குசினிகளில் வானொலி ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும். ‘அன் ஓத்ர் மோந்த்’ வந்ததும் அந்த வருடம்தான். கோப்பை கழுவுகிறவருக்குக் கை ஓயாது, காது சும்மாதான் இருக்கும். சொல் விளங்காமலே பாட்டு உள்ளே போய்விட்டது. அவர்கள் உடுப்பு மாற்றும் அறையின் கதவில், உட்பக்கமாக, அந்தக் குழுவின் போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்ததாம். நாலு முகம். மூன்று ஆண், ஒரு பெண். போகும்போதும் வரும்போதும் அந்த நாலு முகத்தைப் பார்த்துத்தான் அப்பா ஏப்ரன் கட்டினார், அவிழ்த்தார்.

லண்டனிலும் கனடாவிலும் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்தக் குழுவைத் தெரிந்திருக்காது. அதனால் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். 1976 நவம்பர் 12, பாரிஸ் ரஸ்பாய் வீதியில் இருந்த அமெரிக்கன் சென்ரரில் அவர்களின் முதல் கச்சேரி. பாட்டும் கிற்றாரும் ஜான்-லூயி ஓபேர். இன்னொரு கிற்றார் லூயி பெர்த்திஞாக். ட்ரம்ஸ் ரிஷார் கொலிங்கா. பேஸ் கிற்றார் கொரின் மரியன்னோ. ரொக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாடவேண்டும் என்ற நினைப்பு இருந்த காலத்தில் பிரெஞ்சில் பாடி நாட்டையே பிடித்தவர்கள். 1977இலிருந்து 84 வரை ஐந்து அல்பங்கள். 1982இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் பாரிசில் பாடியபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறியவர்கள் இவர்கள். தொடக்க காலப் பாட்டு ஒன்றுக்கு ‘இஜியாபோன்’ என்று பெயர். தபாற்கந்தோர், ஸ்ரேசன் கவுண்டர்களில் கண்ணாடியில் வட்டமாகத் துளைகள் போட்டு வைத்திருப்பார்களே, அதுதான் இஜியாபோன். பிரெஞ்சுக்காரருக்கு அது பகிடி. கையில் பைலோடு விடியப்புறமே வரிசைக்குப் போய், அந்தத் துளைகளுக்கு நேரே குனிந்து தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்ன என் அப்பாவின் தலைமுறைக்கு அது வேறு பாட்டு.

1986இல் குழு கலைந்தது. அதுவும் சரி பாதியாக. ஓபேரும் கொலிங்காவும் ஒரு பக்கம் போய் ஒரு குழு தொடங்கினார்கள், பெர்த்திஞாக்கும் கொரினும் மறுபக்கம் போய் இன்னொன்று. நான் பிறந்தது அதற்கு அடுத்த வருடம், லா சப்பலுக்குப் பக்கத்து லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியில்.

இனி அப்பாவின் அறைக் கதை. லா சப்பல், பிலிப் து ஜிரார் வீதி, கூரைக்குக் கீழே ஆறாம் மாடி. லிப்ட் இல்லை. ஓர் அறை, இரண்டு மெத்தை, நாலு பேர். இரவு வேலைக்காரர் வரும்போது பகல் வேலைக்காரர் எழும்பவேண்டும். மெத்தை ஆறுவதற்கு நேரமே இருந்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பார். அப்பா ஒருவர். பிறகு லண்டனுக்குப் போனவர் ஒருவர். பிறகு ரொறொன்ரோவுக்குப் போனவர் ஒருவர். நாலாவது ஒருவர். இன்றைக்கு ஃபோபூர் சான் தெனி வீதியில் நடந்தால் பிரான்சில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அப்போது தமிழ்க் கடைகளை விரல் விட்டு எண்ணலாம். மாணிக்கப் பிள்ளையார் கோயில்கூட 1985இல்தான் வந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிற பெடியங்களிடம் “ஆறாம் மாடிக்குப் போ” என்று சொல்லிவிடுவார்களாம். விலாசம் தேவையில்லை. ஆறாம் மாடி என்றால் அந்த நாலு பேர்.

1991இல் ஒரு சீட்டுப் பிரச்சினை. அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. நாலாவது மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது, அவரைப் பற்றிய பேச்சும் நின்றது. ஆனால் படங்களை யாரும் கிழிக்கவில்லை. என்னுடைய முதலாவது பிறந்தநாள் படத்தில் கேக்குக்கு முன்னால் என்னைத் தூக்கி வைத்திருப்பவர் அவர்தான். அப்பாவும் அவரும் முப்பது வருடமாக ஒரே கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்குகிறார்கள். ஒருவர் வருவது தெரிந்தால் மற்றவர் றோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிவிடுவார். இப்படி ஒருவர் உங்கள் வீட்டு அல்பத்திலும் இருப்பார். இல்லாத தமிழ் வீட்டை நான் இன்னும் காணவில்லை.

2015 செப்ரெம்பர் 11ஆம் திகதி, கால்வாய்க் கரையில் இருக்கிற ‘புவான் எபெமேர்’ என்ற சின்ன மண்டபத்தில் ஓபேர், பெர்த்திஞாக், கொலிங்கா மூவரும் திடீரென்று ஒன்றாக மேடையேறினார்கள். லா சப்பலில் இருந்து லூயி பிளாங் பக்கமாக நடந்தால் கால் மணித்தியாலம்கூட ஆகாத இடம். பிரிந்து இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, பழைய பாட்டுகளோடு, சில நூறு பேருக்கு முன்னால். அடுத்த வருடம் முழுக்கப் பிரான்சைச் சுற்றினார்கள்.

ஆனால் சுவரொட்டியில் ‘ரெலிபோன்’ என்ற பெயர் இல்லை. கொரின் இல்லை, அதனால் பெயரும் இல்லை. நாலு பேரும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. எங்கள் வேலையில் இப்படி ஒரு பூட்டு உண்டு. நாலு பேரிடமும் ஆளுக்கொரு சாவி, நாலும் ஒரே நேரத்தில் விழுந்தால்தான் திறக்கும். மூன்று சாவியை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. ஆகவே மூவரும் ‘லேஸ் ஆன்ஸு’ என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். சகிக்கமுடியாதவர்கள் என்ற பொருள்படும் ‘ஆன்ஸுபோர்த்தாபிள்’ என்ற சொல்லின் தலைப்பகுதி. மிச்சமுள்ள வால் ‘போர்த்தாபிள்’. பிரெஞ்சில் கைபேசிக்கும் அதுதான் பெயர். ரெலிபோன் என்று சொல்லமுடியாதவர்கள் அதைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

2017 செப்ரெம்பர் 15, 16 இரண்டு நாளும் ஸ்தாத் து பிரான்சில் கடைசிக் கச்சேரிகள் என்று அறிவித்தார்கள். எங்கள் மகள் பிறந்து நாலு மாதம். வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. “நீங்கள் மாமாவைக் கூட்டிக்கொண்டு போயிட்டு வாங்கோ, இஞ்ச ஒரு ஆள் குறைஞ்சால் எனக்கும் நிம்மதி” என்றாள் மனைவி. சனிக்கிழமை டிக்கெட் இரண்டு எடுத்தேன்.

அப்பாவுக்கு அப்போது 57 வயது. கச்சேரி என்றால் கோயில் திருவிழா, இல்லாவிட்டால் இந்தியாவிலிருந்து பாடகர்கள் வந்தால் மண்டபத்தில் கதிரை போட்டுப் பார்ப்பது. கார்-து-நோர்டில் ஆர்.இ.ஆர். பி ஏறுவதற்கு முன்னால், “அங்க விலை கூடவடா” என்று லா சப்பலில் நாலு மட்டன் ரோல்ஸ் வாங்கி, பிளற்போமில் நின்றே இருவரும் சாப்பிட்டு முடித்தோம். ஒரே ஸ்ரேசன்தான், இறங்கினால் ஸ்ரேடியம். அந்த வழியால் லா கூர்னேவுக்கு எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருப்பார். இறங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உள்ளே போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சனம். பேரப்பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிற தாத்தாமார், லெதர் ஜக்கெற் வயிற்றில் பூட்டுப்படாத மாமாமார், அவர்களுக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பிள்ளைகள். எல்லாருக்கும் எல்லாச் சொல்லும் பாடம். எனக்கும் பாடம்தான். நான் பிறப்பதற்கு முன்னரே கலைந்துபோன ஒரு குழுவுக்காக எனக்கு ஏன் தொண்டை அடைக்கிறது என்று யோசித்தேன். நான் யாழ்ப்பாணத்தைப் பார்த்தது 2003 சமாதான நேரத்தில் மூன்று கிழமை மட்டும். அந்த ஊருக்காகவும் இப்படித்தான் அடைக்கும். மற்றவர்களின் ஞாபகத்தைச் சுமந்து பழகிப்போன பிள்ளைகள் நாங்கள். பிரெஞ்சுக்காரரின் ஞாபகத்தையும் கொஞ்சம் சேர்த்துச் சுமப்பதில் எங்களுக்குப் பெரிய பாரம் இல்லை.

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு பெரிய திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓபேரைக் காட்டும்போது தலையாட்டினார். பெர்த்திஞாக்கைக் காட்டும்போது “கிழண்டிட்டான்” என்றார். ட்ரம்ஸ்காரர் குச்சியை எறிந்து பிடித்தபோது கைதட்டினார். இரண்டு மூன்று பாட்டுப் போயிருக்கும், என் காதுக்குக் கிட்ட வந்து கத்தினார்.

“நாலாவது ஆள் எங்கை?”

“ஆரப்பா?”

“அந்தப் பெட்டை. பேஸ் அடிக்கிற பிள்ளை.”

“அவ வரேல்லை அப்பா.”

“ஏன், செத்துப்போச்சோ?”

“சீ, இல்லை. இருக்கிறா. கோவம்.”

அப்பா மேடையைப் பார்த்தார். அலெக்சாண்டர் ஆங்கெலோவ் என்பவர் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் வாசித்தார்.

“முப்பது வருசமாவோ?” என்றார் அப்பா.

பெயர் விஷயத்தை அந்தச் சத்தத்துக்குள் பாதி கத்தியும் பாதி கையாலும் விளங்கப்படுத்தினேன். சகிக்கமுடியாதவர்கள் என்ற பெயருக்குச் சிரித்தார். பிறகு, “அது சரிதான். அவள் இல்லாமல் அந்தப் பேரை வைக்கக்கூடாது” என்றார். ‘அன் ஓத்ர் மோந்த்’ வந்தபோது ஸ்ரேடியம் முழுக்கக் கைபேசி வெளிச்சம். 1984இல் சொல் விளங்காமல் கேட்ட பாட்டை அவர் அன்றைக்கும் சொல் இல்லாமல்தான் பாடினார். முப்பத்துமூன்று வருடம் பிரெஞ்சு பேசியவர். இந்தப் பாட்டுக்கு மட்டும் அவருக்குச் சொல் வேண்டியிருக்கவில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த மூன்று பேரும் செய்ததில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாற்பது வருடத்துக்கு முந்தி நாலு பேருக்குள்ளே நடந்தது வெளியில் நிற்கிற எங்களுக்குத் தெரியாது, சரி. மூவருக்குச் சந்தோசமாகப் பாடவேண்டும், நாலாவதாக ஒருவர் வந்தால் பழைய சண்டையும் கூட வரும் என்று நினைத்திருக்கலாம், அதுவும் சரி. ஆனால் அந்தப் பாட்டுகளில் பேஸ் கிற்றார் போகிற வழி கொரின் போட்ட வழி. ஆள் வராவிட்டாலும் அவர் வாசித்தது மேடைக்கு வந்துவிட்டது. பெயரையாவது தொடாமல் விட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறுதல்.

திரும்பி வரும்போது ரெயிலில் நெரிசல். கார்-து-நோர்டில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் அப்பா லா சப்பல் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். பிலிப் து ஜிரார் வீதியில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே நின்று மேலே காட்டினார். கூரைக்குக் கீழே ஒரு சின்ன யன்னல், வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இரவு அங்கே நின்று அவர் சொன்ன அளவுக்கு அதற்கு முதல் முப்பது வருடத்தில் சொன்னதில்லை. முதல் குளிருக்கு நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல கோட், வேலை தேடிப் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவது. ஒருவருக்குக் கடிதம் வந்தால் நாலு பேருக்கும் சத்தமாக வாசிப்பது. நாலாவது மாமாவின் தாய் ஊரில் தவறியபோது அந்தச் சேதி வந்துசேர மூன்று கிழமை எடுத்தது. அந்த அறையிலேயே அவருக்கு மொட்டை அடித்துவிட்டது அப்பா.

அந்த ட்ரம்ஸ்காரர் கொலிங்காவுக்கு ஓர் அம்மா. ஜினெத் கொலிங்கா. பத்தொன்பது வயதில், 1944 ஏப்ரலில், பிரான்சிலிருந்து ஆஷ்விட்ஸ்-பிர்க்கனோவுக்கு நாடு கடத்தப்பட்டு உயிரோடு திரும்பியவர். திரும்பி வந்து ஓபெர்வில்லியே சந்தையில் துணிக்கடை போட்டுப் பிழைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த முகாமைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. வயதான பிறகுதான் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். மகன் நாடறிந்த ரொக் கலைஞன், அம்மா பேசாமல் சந்தையில் உள்ளாடை விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு கதையும் ஒன்றல்ல. ஆனால் அப்பாமார் அம்மாமார் எப்போது வாய் திறப்பார்கள் என்பதற்கு ஒரு நேரகாலம் கிடையாது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம் வரும்.

அடுத்த வருடம் லண்டன் மாமா வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். அவர், ரொறொன்ரோ மாமா, அப்பா. பேர் ‘ஆறாம் மாடி’. அன்று பின்னேரமே அப்பா எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, அந்தப் பேரை மாத்திவிடு. எனக்கு அது எங்கை அமத்துறதெண்டு தெரியேல்லை.”

“ஏனப்பா, நல்ல பேர்தானே?”

“ஆறாம் மாடி எண்டால் நாலு பேர்.”

‘பழைய ஆக்கள்’ என்று மாற்றிவிட்டேன். லண்டன் மாமா ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதுதான் பேர்.

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மூன்று பேரும் பாரிசில் கூடுவது என்று இருந்தது. வந்தது 2020. மண்டபம் பூட்டு, விமானம் இல்லை. “அடுத்த வருசம் பாப்பம்” என்றார்கள். 2021 ஏப்ரலில் ரொறொன்ரோ மாமா போய்விட்டார். கொரோனா. இறுதிச்சடங்கைச் சூமில்தான் பார்த்தோம். என் லப்டொப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அப்பா வேட்டியோடு வந்து இருந்தார். திரையில் இரண்டு மூன்று பக்கத்துக்குப் பெட்டி பெட்டியாக முகங்கள். ஓர் இடத்தில் மட்டும் கமரா நிறுத்தப்பட்ட கறுப்புப் பெட்டி, அதில் ஒரு பெயர்.

“அதில ஆர்?” என்றார் அப்பா, கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

நான் பெயரை வாசித்தேன். நாலாவது மாமா.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “சத்தத்தைக் கூட்டு” என்றார். அந்தப் பெட்டி மியூட்டில் இருந்தது. கூட்டினாலும் ஒன்றும் கேட்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கூட்டினேன். ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கும் மட்டும் அப்பா பார்த்தது அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான். பிங் ஃப்ளோயிட் குழுவின் நாலு பேரும் இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு 2005 ஜூலை 2ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க்கில் ஒரே ஒரு தடவை சேர்ந்து வாசித்தார்கள். 2008இல் ரிச்சர்ட் ரைட் இறந்துபோனார். அதற்குப் பிறகு நாலு பேர் என்ற கதைக்கே இடமில்லை. ஆறாம் மாடிக்கும் இப்போது அப்படித்தான்.

என் மகளுக்கு ஐந்து வயதானபோது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். முதல் நாளே ஒரு பிள்ளையோடு ஒட்டிக்கொண்டாள். கூட்டிப்போக வந்த தாயைப் பார்த்தேன், அவவும் என்னைப் பார்த்தா. நாலாவது மாமாவின் மகள். என்னைவிட ஒரு வயது குறைவு. சின்னதில் ஒரே தொட்டிலில் எங்களைப் படுக்கவைத்த படம்கூட வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் உள்ளே ஆனா ஆவன்னா எழுதும் நேரம் நாங்கள் வெளியில் நின்று கோப்பி குடிப்போம். அப்படித்தான் அந்தச் சீட்டுக் கதையின் மற்றப் பக்கம் எனக்கு வந்தது.

எங்கள் வீட்டுக் கதை: நாலாவது மாமா சீட்டை முதலில் எடுத்தார், பிறகு கட்டவில்லை, கழித்தவர்களுக்கு அப்பா தன் கையால் கட்டவேண்டி வந்தது. அவர்கள் வீட்டுக் கதை: சீட்டு எடுத்தது உண்மை, ஆனால் அந்தக் காசு போனது ஏஜென்சிக்காரனிடம், ரொறொன்ரோ மாமாவின் தம்பியைக் கூப்பிட. தம்பி வழியில் பிடிபட்டார், ஏஜென்சிக்காரன் காசோடு மறைந்தான். தன் தம்பிக்காகப் போன காசு என்று ரொறொன்ரோ மாமா அப்பாவிடம் சொல்லியிருப்பார் என்று நாலாவது மாமா நினைத்தார். நாலாவது மாமா சொல்லியிருப்பார் என்று ரொறொன்ரோ மாமா நினைத்திருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. அல்லது சொல்லித்தான் அப்பா நம்பவில்லையோ. எது சரி என்று சொல்லக்கூடிய ஆள் இப்போது இல்லை. இரண்டு கதையிலும் யாரும் பொய் சொல்வதாக எனக்கும் அவவுக்கும் படவில்லை.

பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. செத்தவர் விட்டுப்போனதில் சொத்தைவிடக் கடன் கூட என்றால், பிள்ளைகள் ‘எங்களுக்கு அந்த உரிமை வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம். சண்டைக்கும் அப்படி ஒரு பத்திரம் இருந்தால் நல்லது என்று பகிடியாகச் சொன்னேன். “எங்கட பிள்ளையள் எழுதாமலே குடுத்திட்டுதுகள்” என்று உள்ளே கையைக் காட்டினா. பிறந்தநாளுக்கு அழைப்பது, வீட்டில் தூங்கவிடுவது எல்லாம் நடக்கிறது. அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஒளிக்கவும் இல்லை. மகள் தாத்தாவிடம் சிநேகிதியின் பெயரைச் சொல்லித்தான் கதைப்பாள். தகப்பன் பெயர் என்ன, தாத்தா பெயர் என்ன என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. புதிதாக ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கண்டால் மூன்றாவது கேள்வியாக “ஊரில எந்த இடம்?” என்று கேட்கிற மனுசன் அவர். அதை நான் கவனித்திருக்கவேண்டும்.

2025 ஜூலைக் கடைசியில் ‘பழைய ஆக்கள்’ குழுவில் லண்டன் மாமா ஒரு வீடியோ போட்டார். அவர் வீடு அல்பேர்ட்டனில், வெம்பிளி ஸ்ரேடியத்துக்குக் கிட்ட. ஒயாசிஸ் குழு பதினாறு வருடத்துக்குப் பிறகு திரும்ப வந்து பாடிய கிழமை. நோயல், லியாம் என்று அண்ணன் தம்பி. அவர்கள் அடிபட்டுப் பிரிந்தது எங்கட ஊரில்தான்: 2009 ஓகஸ்ட் 28, பாரிசுக்குப் பக்கத்து சென் குளூ பூங்காவில் திருவிழா மேடைக்குப் பின்னால், ஏறிப் பாடவேண்டிய நேரத்தில். மாமாவின் வீடியோவில் பாட்டு ஒன்றும் தெளிவில்லை, வீட்டு யன்னலால் எடுத்தது. தெருவெல்லாம் தொப்பி போட்ட சனம். ‘கார் விட இடமில்லை. ஆனாலும் அண்ணனும் தம்பியும் சேர்ந்திட்டாங்கள்’ என்று கீழே எழுதியிருந்தார். அப்பா பெருவிரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனை மேசையில் வைத்தார்.

நான் பக்கத்தில் இருந்தேன். மகள் ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செப்ரெம்பரில இவளுக்கு எத்தினையாம் வகுப்பு, தமிழில?”

“நாலாம் வகுப்பு, அப்பா.”

“அவன்ர பேத்தியும் அதே வகுப்போ?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் ரீவியைப் பார்த்தார்.

“ஓமப்பா. அதே வகுப்புத்தான்.”

“கூட்டிக்கொண்டு வர ஆர் வாறது? மகளோ, அவனோ?”

“மகள்தான் வாறவ. குளிர் தொடங்கினால் சில நேரம் அவர் வருவாராம்.”

“ம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீ வேலையால களைச்சுப்போய்க் கிடக்கிறாய். சனிக்கிழமையில இனி நான் போய்க் கூட்டிவாறன்” என்று சொல்லிவிட்டு மகளிடம் திரும்பி, ரீவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.